இரண்டு துண்டு கைத்தறி

பதினோரு வருடம் பேசாமல் இருந்தார்கள். பிறகு பதினாலு வருடம் எழுதித் தீர்த்தார்கள். இரண்டு அமெரிக்க அதிபர்களின் உடைந்த நட்பு ஒட்டிய கதை.

1812 ஜனவரி. வர்ஜீனியாவில் மான்டிசெல்லோ என்ற குன்றின்மேல் இருக்கும் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. பெற்றவர் தாமஸ் ஜெஃபர்சன். எட்டு வருடம் அமெரிக்காவின் மூன்றாவது அதிபராக இருந்துவிட்டு ஊரோடு ஒதுங்கிவிட்டவர், வயது 68. எழுதியவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குவின்சியிலிருந்து ஜான் ஆடம்ஸ். இவருக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவர், வயது 76. இருவருக்கும் ஏறத்தாழ 11 வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

சின்னக் கடிதம்தான். உள்நாட்டு உற்பத்தியில் உங்களுக்கு அக்கறை உண்டே, அதனால் எங்கள் பக்கத்தில் அண்மையில் தயாரான கைத்தறித் துண்டு இரண்டைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். சிறு வயதில் உங்கள் அன்பைப் பெற்ற ஒருவரின் கைவேலை அது என்று எழுதியிருந்தார் ஆடம்ஸ். கூடவே புத்தாண்டு வாழ்த்து. பழைய சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

கடிதம் வந்துவிட்டது, பொட்டலம் வரவில்லை. அது வரட்டும் என்று காத்திருக்க ஜெஃபர்சனுக்குப் பொறுமை இல்லை. ஜனவரி 21 அன்று பதில் எழுத உட்கார்ந்துவிட்டார். பிரிட்டனோடு போர் மூளப்போகிற நேரம் அது. சீமைத் துணியை ஒதுக்கி, வீட்டில் நூற்று நெய்ததை உடுத்துவது நம் கதரைப் போலவே அங்கேயும் தேசப்பற்றின் அடையாளம். ஆகவே ஜெஃபர்சன் துணியைப் பற்றியே விரிவாக எழுதினார். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு நெசவு நடக்கிறது, முரட்டுத் துணியும் நடுத்தரத் துணியும் எங்களால் முடியும், நயமான ரகத்துக்கு உங்கள் வடக்கைத்தான் நம்பியிருக்கிறோம் என்று நூற்பு இயந்திரம் வரைக்கும் போய்விட்டார்.

பிறகு பொட்டலம் வந்து சேர்ந்தது. பிரித்தால் துணி இல்லை. இரண்டு புத்தகங்கள். ஆடம்ஸின் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் ஹார்வர்டில் நிகழ்த்திய சொற்கலை உரைகளின் இரண்டு தொகுதிகள். மகன் எழுதியதைத்தான் கைத்தறித் துண்டு என்று கிழவர் கிண்டலாகச் சொல்லியிருந்தார். ஜெஃபர்சன் 23ஆம் தேதி இன்னொரு கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

உலக வரலாற்றின் பெயர்பெற்ற சமாதானங்களில் ஒன்று இப்படி ஒரு அசட்டுக் குழப்பத்தில்தான் தொடங்கியது. 2026 ஜூலை 4ஆம் தேதியோடு அமெரிக்க விடுதலைப் பிரகடனத்துக்கு 250 வயது. அதே தேதியில் இந்த இருவரும் கண்மூடி 200 வருடம். நாட்டை உருவாக்கிய கதையை உலகம் போதுமான அளவு பேசியாகிவிட்டது. முறிந்துபோன நட்பை இரண்டு கிழவர்கள் எப்படித் திரும்பக் கட்டினார்கள் என்ற கதை, ஒருகாலத்தில் தோள்மேல் கைபோட்டுத் திரிந்து இன்று தெருவில் கண்டால் முகம் திருப்பிக்கொள்ளும் எல்லோருக்குமானது.

குள்ளரும் நெட்டையரும்

ஆடம்ஸ் குள்ளம், பருமன். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவர். தகப்பனார் விவசாயி, செருப்பும் தைத்தவர். ஜெஃபர்சன் ஆறடியைத் தாண்டிய உயரம். பெரிய பண்ணைக்காரர். சபையில் வாய் திறக்கக் கூச்சம். பேனாவை எடுத்தால் ஆள் வேறு.

1775இல் ஃபிலடெல்ஃபியாவில் காலனிகளின் மாமன்றம் கூடியபோது பழக்கம் தொடங்கியது. மறுவருடம் ஜூனில் விடுதலைப் பிரகடனம் எழுத ஐந்து பேர் குழு அமைந்தது. இருவரும் அதில் இருந்தார்கள். எழுதியது ஜெஃபர்சன். அவையில் எழுந்து அதற்காக மல்லுக்கு நின்றது ஆடம்ஸ்.

நட்பு குடும்ப நட்பாக மாறியது ஐரோப்பாவில். 1784இலிருந்து பாரிஸில் ஒன்றாக இருந்தார்கள். மனைவியை இழந்திருந்த ஜெஃபர்சனுக்கு ஆடம்ஸின் வீடு தன் வீடு போல. ஆடம்ஸ் லண்டனுக்குத் தூதராகப் போன பிறகும் அவர் மனைவி அபிகெயிலுக்கும் ஜெஃபர்சனுக்கும் இடையே சாமான் போக்குவரத்து நிற்கவில்லை. ஜெஃபர்சன் பாரிஸிலிருந்து காலணி வாங்கி அனுப்புவார். அந்த அம்மாள் லண்டனிலிருந்து சட்டையும் மேஜை விரிப்பும் வாங்கி அனுப்புவார். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கணக்கும் உண்டு, கேலியும் உண்டு.

1786 வசந்தத்தில் நண்பர்கள் இருவரும் இங்கிலாந்தின் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். ஷேக்ஸ்பியரின் ஊரில் அவர் உட்கார்ந்ததாகச் சொல்லப்பட்ட நாற்காலியைக் காட்டினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் செதுக்கி எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். இவர்களும் செதுக்கிக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் ஜெஃபர்சனின் எட்டு வயது மகள் பாலி கடல் கடந்து லண்டனில் இறங்கினாள். அப்பா பாரிஸில். சில வாரம் அபிகெயில்தான் வைத்துப் பார்த்துக்கொண்டார். அழைத்துப் போக ஜெஃபர்சன் நேரில் வராமல் வேலையாளை அனுப்பியபோது, குழந்தை அபிகெயிலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இந்தக் குழந்தை நினைவில் இருக்கட்டும்.

விடியுமுன் கிளம்பிய வண்டி

பிரிவுக்கு ஒரே நாள், ஒரே காரணம் என்று எதுவும் இல்லை. நட்பு பெரும்பாலும் அப்படித்தான் அறுகிறது, இழை இழையாக.

முதல் இழை 1791இல். தாமஸ் பெயின் எழுதிய 'மனித உரிமைகள்' நூலை அச்சகத்துக்கு அனுப்பும்போது, நாட்டில் தலைதூக்கியிருக்கும் அரசியல் பிறழ்வுகளுக்கு நல்ல பதில் என்று ஜெஃபர்சன் குறிப்பு வைத்தார். அச்சிட்டவர் அதையே நூலின் முகப்பில் போட்டுவிட்டார். குறி ஆடம்ஸ்மேல்தான் என்று ஊருக்கே தெரிந்தது. பிரெஞ்சுப் புரட்சி விடுதலையின் விடியல் என்றார் ஜெஃபர்சன். ரத்தக்களரியில் முடியும் என்றார் ஆடம்ஸ்.

1796 தேர்தலில் ஆடம்ஸுக்கு 71 வாக்கு, ஜெஃபர்சனுக்கு 68. இரண்டாவதாக வந்தவர் துணை அதிபர் என்பது அன்றைய விதி. ஒரே அரசில் எதிரெதிர்க் கட்சிகளின் தலைவர்கள்! 1798இல் ஆடம்ஸ் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று அரசை விமர்சித்து எழுதுவோரைச் சிறைக்கு அனுப்பியது. ஜெஃபர்சன் சும்மா இருக்கவில்லை. ஜேம்ஸ் கேலண்டர் என்ற பத்திரிகையாளருக்குப் பணம் கொடுத்தார்; கேலண்டர் ஆடம்ஸைக் கேவலமாக ஏசி எழுதி, அதே சட்டத்தில் ஜெயிலுக்குப் போனார்.

1800 தேர்தலில் ஆடம்ஸ் தோற்றார். அந்த நவம்பர் கடைசியில்தான் குடியால் சீரழிந்த மகன் சார்ல்ஸைப் பறிகொடுத்திருந்தார். போகிற போக்கில் தன் கட்சிக்காரர்களை நீதிபதி பதவிகளில் உட்கார வைத்துவிட்டு, 1801 மார்ச் 4 அன்று விடியற்காலை நாலு மணிக்கே வண்டியேறினார். அன்று பகலில் ஜெஃபர்சன் பதவியேற்றபோது ஆடம்ஸ் தலைநகரில் இல்லை. அதன் பிறகு அவர்கள் ஒருவரையொருவர் நேரில் பார்க்கவே இல்லை.

துக்கத்தில் வந்த கடிதம்

நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்கு அழைக்காமலே போ என்பார்கள் நம் ஊரில். வருடக்கணக்கில் பேசாதவர்கள் சாவு வீட்டு வாசலில் கைநீட்டித் தொட்டுவிட்டு, பகையையும் அங்கேயே விட்டுவிட்டு வருவதுண்டு.

1804 ஏப்ரலில் பாலி இறந்தாள். பிரசவத்துக்குப் பின் தேறாத உடம்பு, வயது 25. செய்தி கேட்ட அபிகெயிலுக்குத் தன் கழுத்தைக் கட்டி அழுத குழந்தைதான் நினைவுக்கு வந்தாள். கணவரிடம் சொல்லாமல் ஜெஃபர்சனுக்குத் துக்கம் விசாரித்து எழுதினார். அமெரிக்க அதிபருக்கு, அவர் அரசியலை அறவே வெறுத்த ஒரு அம்மாள் எழுதிய கடிதம்.

ஜெஃபர்சன் நெகிழ்ந்துதான் போனார். பதிலில் நன்றி சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆடம்ஸ் செய்தவற்றில் ஒன்றே ஒன்றுதான் தனிப்பட்ட முறையில் என்னைப் புண்படுத்தியது என்று அந்தக் கடைசி நேர நியமனங்களைக் குறிப்பிட்டார். அதையும் மன்னித்துவிட்டேன் என்றார். அபிகெயில் விடுவாரா? கேலண்டருக்குப் படியளந்தது யார் என்று கேட்டார். நீங்கள் பால்வார்த்த பாம்பு உங்களையே கொத்தியதே என்றார். உண்மைதான். ஜெஃபர்சன் ஆட்சிக்கு வந்ததும் பதவி கேட்டு ஏமாந்த கேலண்டர், 1802இல் அவருக்கும் அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸுக்கும் இருந்த உறவை அச்சிலேற்றினார். மகன் ஜான் குவின்சியின் பதவி பறிபோன கதையும் கடிதத்தில் வந்தது. பதிலுக்குப் பதில் என்று ஏழு கடிதம். அக்டோபரில் அபிகெயில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்.

நவம்பரில் அந்தக் கடிதங்களைப் படித்த ஆடம்ஸ் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினார்: இது முழுவதும் எனக்குத் தெரியாமல் நடந்தது, இப்போதும் நான் சொல்ல ஒன்றுமில்லை.

பிள்ளையின் சாவால்கூட ஒட்டவைக்க முடியாத நட்பை எட்டு வருடம் கழித்து இரண்டு புத்தகம் எப்படி ஒட்டவைத்தது? இரண்டு கடிதப் போக்குவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை தெரிகிறது. 1804இல் இரண்டாவது கடிதத்திலேயே கணக்கு நோட்டைத் திறந்துவிட்டார்கள். நீ செய்தது இது, நான் பொறுத்தது இது. மன்னித்துவிட்டேன் என்ற சொல்லும் ஒரு பற்றெழுத்துதான். எதிரில் இருப்பவரைக் கடன்காரர் ஆக்கிவிடுகிறது.

கனவு கண்ட டாக்டர்

நடுவில் ஒருவர் வேண்டியிருந்தது. பெஞ்சமின் ரஷ், ஃபிலடெல்ஃபியாவில் பெயர்பெற்ற மருத்துவர், பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், இருவருக்கும் வேண்டியவர். 1809 அக்டோபரில் அவர் ஆடம்ஸுக்கு ஒரு கனவைச் சொல்லி எழுதினார். கனவில் ரஷ்ஷின் மகன் ஒரு வரலாற்று நூல் படித்துக்கொண்டிருக்கிறான். அதில் ஆடம்ஸ் முதலில் ஒரு சிறு கடிதம் எழுதியதும், ஜெஃபர்சன் பதில் போட்டதும், நட்பு மீண்டும் துளிர்த்ததும், பல வருடம் எழுதிக்கொண்ட பின் இருவரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் மறைந்ததும் எழுதியிருக்கிறது. ஆடம்ஸ் ரசித்தார். இது வரலாறு இல்லை, வேண்டுமானால் தீர்க்கதரிசனமாக இருக்கலாம் என்று பதில் போட்டார். ஆனால் பேனாவை எடுக்கவில்லை. 

1811 தொடக்கத்தில் ரஷ் ஜெஃபர்சனைத் தட்டிப் பார்த்தார். அவரோ 1804 கடிதங்களை எடுத்து அனுப்பி, நான் முயன்றதற்குச் சாட்சி பாருங்கள் என்றார். ஏழு வருடம் கழித்தும் கோப்பு பத்திரமாக இருந்தது. வீம்புக்கு எப்போதுமே நல்ல ஞாபகசக்தி.

அந்தக் கோடையில் ஜெஃபர்சனின் பக்கத்துப் பண்ணைக்கார இளைஞர் எட்வர்ட் கோல்ஸ், வடக்கே போனவர் குவின்சிக்கும் போனார். ஆடம்ஸ் மனக்குறையெல்லாம் கொட்டினார். அவர் உங்களைப் பற்றி நல்லவிதமாகத்தானே பேசுவார் என்று இளைஞர் சொல்ல, கிழவர் உருகிவிட்டார். ஜெஃபர்சன்மேல் எனக்கு என்றைக்கும் பிரியம் உண்டு, இன்றைக்கும் உண்டு என்றார். அது மான்டிசெல்லோவுக்கு எட்டியது. டிசம்பர் 5 அன்று ஜெஃபர்சன் ரஷ்ஷுக்கு எழுதினார்: இது போதும் எனக்கு. ஆனால் அபிகெயிலை அந்தச் சமாதானத்தில் சேர்க்கத் தயாரில்லை. அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

ரஷ் அதை ஆடம்ஸுக்குத் தெரிவித்தார். ஆடம்ஸ் கிறிஸ்துமஸ் அன்று போட்ட பதிலைப் பாருங்கள்: ஒன்றுமில்லாததுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? நானும் ஜெஃபர்சனும் என்ன பெரிதாகச் சண்டை போட்டோம், தலைமுடி நேராக இருக்க வேண்டுமா சுருளலாமா என்பதைத் தவிர? அவருக்கு எழுத என்னிடம் என்ன இருக்கிறது, சொர்க்கத்துக்குச் சுகமாகப் போய்ச் சேரட்டும் என்பதைத் தவிர?

சரியாக ஒரு வாரம். ஜனவரி 1 அன்று அதே கை அந்தக் கைத்தறிக் கடிதத்தை எழுதியது.

முதலில் குதிரைச் சவாரி, பிறகு வழக்கு

துணிக் குழப்பம் தீர்ந்த பிறகும் அவர்கள் கணக்கைத் தொடவில்லை. தினமும் மூன்று நாலு மணி நேரம் குதிரையேறுகிறேன், ஆனால் ஒரு மைல் நடந்தாலே களைப்பு என்றார் ஜெஃபர்சன். நான் வானம் வெளுத்தால் மூன்று நாலு மைல் நடக்கிறேன் என்றார் எட்டு வயது மூத்தவர். செய்தித்தாளை விட்டுவிட்டேன், டாசிடஸும் யூக்ளிடும்தான் படிக்கிறேன். பேத்தி புண்ணியத்தில் கொள்ளுத்தாத்தா ஆகிவிட்டேன் என்று ஜெஃபர்சன். இப்படியே ஒன்றரை வருடம்.

1813இல் சோதனை வந்தது. ஜெஃபர்சன் எப்போதோ 1801இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதம் லண்டனில் வெளிவந்த நூல் ஒன்றில் அச்சாகியிருந்தது. ஆடம்ஸ் முன்னேற்றத்தை விரும்பாதவர், பின்னோக்கிப் பார்ப்பவர் என்ற பொருளில் அதில் எழுதியிருந்தார். ஆடம்ஸ் கொதித்தார். பதில் வருமுன் அடுத்தது, அதற்கும் பதில் வருமுன் அடுத்தது என்று கடிதமாய் விட்டார். இந்த முறை ஜெஃபர்சன் வரிக்கு வரி வாதாடவில்லை. உலகம் தோன்றிய நாளிலிருந்து மனிதர்கள் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறார்கள், நாமும் அப்படி இருந்தோம் என்று நிதானமாக எழுதினார்.

ஜூலை 15 தேதியிட்ட ஆடம்ஸின் கடிதம்தான் இந்த உறவின் திருப்பம். ஒருவருக்கொருவர் நம்மை விளங்கவைக்காமல் நாம் சாகக்கூடாது என்று எழுதினார். ஜெயிப்பது, மன்னிப்பது என்ற பேச்சே அதில் இல்லை. அந்தக் கடிதத்தின் அடியில் இன்னொரு கையெழுத்தில் சில வரி. என் கணவர் எழுதும் தாளில் மிச்ச இடம் கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், பழைய சிநேகிதியின் வணக்கம் என்று அபிகெயில் எழுதியிருந்தார். ஆகஸ்டில் ஜெஃபர்சன் அவருக்குத் தனியே பதில் எழுதினார். ஒன்பது வருடப் பிணக்கு அங்கே முடிந்தது.

கணக்கைத் திறக்கவே கூடாது என்பது இந்தக் கதையின் பாடம் இல்லை. 1813இல் திறந்தார்கள், தாங்கியது. ஒன்றரை வருடம் முட்டிவலியும் பேரப்பிள்ளையும் பேசியிருந்தார்களே, அந்த அஸ்திவாரத்தில் நின்றுகொண்டு வழக்கும் பேச முடிந்தது. 1804இல் அஸ்திவாரம் போடாமலே கூரை வேய்ந்தார்கள்.

மொத்தம் 158 கடிதம். அவற்றில் 109 ஆடம்ஸுடையவை, 49 ஜெஃபர்சனுடையவை. இரண்டுக்கு ஒன்றுக்கும் மேல்! யார் அதிகம் எழுதினார் என்று இருவருமே கணக்குப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். கிரேக்க உச்சரிப்பு, மதம், பிறப்பால் மேன்மையா திறமையால் மேன்மையா, வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்ப ஒருமுறை வாழச் சொன்னால் வாழ்வீர்களா என்று எல்லாம் பேசினார்கள். 1818 அக்டோபரில் அபிகெயில் காலமானபோது செய்தித்தாளில் பார்த்துவிட்டு ஜெஃபர்சன் துக்கம் விசாரித்து எழுதினார். அந்த அம்மாள் 1804இல் கொடுத்துவிட்டுப் போன கடன், அப்போது அடைந்தது.

1823இல் கடைசிச் சோதனை. பிரிந்திருந்த காலத்தில் ஆடம்ஸ் உறவினர் ஒருவருக்கு ஜெஃபர்சனைத் திட்டி எழுதிய கடிதங்களை அந்த உறவினரின் மகன் புத்தகமாகப் போட்டுவிட்டார். 87 வயது ஆடம்ஸ் கலங்கியிருந்தார். ஜெஃபர்சனின் கடிதம் வந்தது. அரை நூற்றாண்டு நட்பின் தலையணையில் முள்ளைச் செருகப் பார்க்கிறார்கள், நாம் அசைய வேண்டாம் என்றது. ஆடம்ஸ் அதைக் காலை உணவு மேஜையில் குடும்பத்தார் எல்லோரும் கேட்க வாசிக்க வைத்தார். உலகத்தில் இதைவிட நல்ல கடிதம் எழுதப்பட்டதில்லை என்றது வீடு.

தொடாமல் விட்ட ஒன்று

எல்லாம் பேசினார்கள் என்று சொன்னால் அது பொய். ஆடம்ஸ் வாழ்நாளில் அடிமை வைத்துக்கொண்டதில்லை. ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டோரை உடைமையாக வைத்திருந்தார். எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய கை அது. 1820 வாக்கில் மிசௌரி மாநிலத்தில் அடிமைமுறை கூடுமா என்று நாடே இரண்டுபட்டபோதும் ஆடம்ஸ் நண்பரை நேருக்கு நேர் கேட்கவில்லை. தெற்கத்தியாருக்கே அதை விட்டுவிடுகிறேன் என்கிற தொனியில் ஒதுங்கிக்கொண்டார். ஜெஃபர்சன் இறந்த ஆறே மாதத்தில், 1827 ஜனவரியில், அவருடைய கடனை அடைக்க மான்டிசெல்லோவின் அடிமைகள் 130 பேரை ஏலத்துக்கு வைத்தார்கள். தாய் ஒருபுறம், பிள்ளை ஒருபுறம்.

நட்பைக் காப்பாற்ற எதைப் பேசாமல் விடலாம்? தேர்தல் தோல்வியை விடலாம், வசைமொழியை விடலாம். அவை அவர்கள் இருவருக்குமான பாக்கி. தள்ளுபடி செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த 130 பேரின் பாக்கி அப்படிப்பட்டது இல்லை. இந்த அழகான கடிதக் கட்டுக்கு அந்த மௌனமும் ஒரு விலை.

பெட்டிச் செய்தி: பேசியவர்களும் பேசாமல் போனவர்களும்

சார்த்ர் – ரேமோன் ஆரோன்: பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள், பாரிஸில் ஒன்றாகப் படித்த தோழர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசியலால் எதிரிகளானார்கள். 1979 ஜூனில் வியட்நாமிலிருந்து படகில் தப்பிய அகதிகளுக்காக ஒரே மேடைக்கு வந்தார்கள். பழைய நாள் போலவே தோழா என்று அழைத்து ஆரோன் கைகொடுத்தார். மறுவருடம் சார்த்ர் காலமானார்.

சார்த்ர் – காம்யு: எழுத்தாள நண்பர்கள். 1952இல் பத்திரிகைப் பக்கங்களில் முட்டிக்கொண்டு பிரிந்தார்கள். 1960 ஜனவரி 4 அன்று கார் விபத்தில் காம்யு இறந்தார். அவகாசம் கிடைக்கவில்லை.

மார்க்வெஸ் – வர்காஸ் யோசா: லத்தீன் அமெரிக்க நாவலாசிரியர்கள், நண்பர்கள். 1976 பிப்ரவரியில் மெக்ஸிகோ நகரத் திரையரங்கு ஒன்றில் கட்டியணைக்க வந்த மார்க்வெஸின் முகத்தில் யோசா குத்துவிட்டார். காரணத்தை இருவருமே பொதுவில் சொல்லவில்லை. மார்க்வெஸ் 2014இலும் யோசா 2025இலும் மறைந்தார்கள். இடையில் இருந்த முப்பத்தெட்டு வருடமும் போதவில்லை.

கடைசிக் கடிதம்

1826 ஜூலை 4. பிரகடனத்துக்குப் பொன்விழா. பகல் ஒரு மணிக்குச் சற்று முன்பு மான்டிசெல்லோவில் ஜெஃபர்சன் அடங்கினார், வயது 83. அன்று மாலை ஆறு மணி கடந்து குவின்சியில் ஆடம்ஸ் அடங்கினார், வயது 90. தாமஸ் ஜெஃபர்சன் இருக்கிறார் என்று குழறலாகச் சொன்னதே அவருடைய கடைசிப் பேச்சு என்று அருகில் இருந்தவர்கள் சொன்னார்கள். தெற்கிலிருந்து செய்தி வந்து சேர நாளாகும். அவருக்குத் தெரியாது. 17 வருடத்துக்கு முன் அந்த டாக்டர் கண்ட கனவு பலித்தது. பார்க்க அவர் இல்லை, 1813இலேயே போய்விட்டார்.

இந்தத் தற்செயல்தான் எல்லோரும் வியந்து சொல்லும் முடிவு. எனக்கு அதைவிட அதற்கு முந்தைய வசந்தம்தான் பிடித்திருக்கிறது. அந்த மார்ச்சில் ஜெஃபர்சனின் பேரன் பாஸ்டன் போகிறான். உங்களைப் பார்க்காமல் திரும்பினால் ஒன்றும் பார்க்காதவன் ஆகிவிடுவான் என்று தாத்தா கடிதம் கொடுத்தனுப்பினார். பேரன் வந்து நின்றான். தாத்தாவைப் போலவே நெட்டை. ஏப்ரல் 17 அன்று ஆடம்ஸ் நண்பருக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் கேட்டார்: வர்ஜீனியாக்காரர்கள் நீங்கள் எல்லோரும் எப்படி இப்படி ராட்சதப் பிள்ளைகளாக இருக்கிறீர்கள்? உங்கள் பேரன் பக்கத்தில் நாங்கள் எல்லாம் சித்திரக்குள்ளர்கள்!

ஐம்பது வருடத்துக்கு முன் ஃபிலடெல்ஃபியா வீதியில் பக்கத்தில் பக்கத்தில் நடந்தபோது குள்ளர் நெட்டையரைப் பார்த்து அடித்திருக்கக்கூடிய அதே ஜோக்.